பைலட் உள்ள விமானமும் ட்ரோனும் ஒரே வானில்: தானியங்கிப் போக்குவரத்து மேலாண்மை எங்கே தடுமாறுகிறது?

#1 தெளிவானம்

வணக்கம். பைலட் உள்ளே அமர்ந்து ஓட்டும் விமானங்களையும் தரையிலிருந்து இயக்கப்படும் விமானங்களையும் ஒரே வான்வெளியில் மென்பொருளே ஒழுங்குபடுத்துவது பற்றிய பேச்சில் மோதலைக் கண்டுபிடிக்கும் கணக்குக்குத்தான் எப்போதும் முதலிடம். அந்தக் கணக்கு புதிதல்ல. கட்டுப்பாட்டு மையங்களில் 20 நிமிடம் வரை முன்னே பார்க்கும் நடுத்தர கால எச்சரிக்கை இருக்கிறது. 2 நிமிடம் வரை பார்க்கும் குறுகிய கால எச்சரிக்கை இருக்கிறது. விமானத்துக்குள்ளேயே, மோதலைத் தவிர்க்க பைலட்டுக்கு உத்தரவு தரும் டிசிஏஎஸ் கருவி இருக்கிறது. ட்ரோன் பக்கம், சேவை வழங்குநர்கள் பறப்புத் திட்டங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையைச் சொல்லும் ஏஎஸ்டிஎம் எஃப்3548-21 தரநிலை வந்துவிட்டது. ட்ரோன்களுக்கெனக் குறித்த வான்வெளிக்கான ஐரோப்பாவின் யு-ஸ்பேஸ் விதி (2021/664) 2023 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது.

கேள்வி இதுதான். கீழே 120 மீட்டருக்குள் சிறிய ட்ரோன்கள். அதே உயரத்துக்கு இறங்கி வரும் ஹெலிகாப்டர்கள். மேலே ஐஎஃப்ஆர் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் விதி) வழித்தடத்தில், பயணிகள் விமானங்களுக்கு நடுவே, தொலைவிலிருந்து இயக்கப்படும் ஒரு பெரிய விமானம் (ஆர்பிஏ). மூன்றையும் ஒரே தானியங்கி ஏற்பாட்டிடம் ஒப்படைத்தால் முதலில் எது கைவிடும்? உயரமா, நேரமா, தொடர்பா, மனிதரா? எண்களோடு சொல்ல முடிந்தால் நல்லது.

#2 உயரமானி

உயரம். ஒரே வானத்தில் ஐந்து வகை உயரங்கள் புழங்குகின்றன, ஐந்தையும் வெறும் "உயரம்" என்ற பெயரிலேயே தரவுத்தளத்தில் போட்டு வைக்கிறார்கள்.

விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (ராடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) அனுப்புவது 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாக வைத்த அழுத்த உயரம். ஹெலிகாப்டர் பைலட் உயரமானியில் பார்ப்பது அந்தப் பகுதியின் கியூஎன்எச் (கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட அன்றைய காற்றழுத்தம்) வைத்த உயரம். ட்ரோனின் ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ்-84 நீள்கோளத்திலிருந்து (பூமிக்கான கணித வடிவம்) உயரம். எஃப்3548 தகவல் பரிமாற்றமும் இதையே பயன்படுத்துகிறது. ட்ரோன் இயக்குபவரின் திரையில் தெரிவது பெரும்பாலும் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது. சட்டம் சொல்லும் 120 மீட்டரோ அந்தந்த இடத்துத் தரையிலிருந்து.

இதில் ஆபத்தானது நீள்கோளத்துக்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. அது இடத்துக்கு இடம் மாறும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டமே நீள்கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. நியூ கினி பக்கம் சுமார் 85 மீட்டர் மேலே. வேறுபாடு -90 மீட்டர் உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரை கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர். ட்ரோன் தரைக்கு மேல் 100 மீட்டரில் பறக்கிறது. அதாவது கடல் மட்டத்திலிருந்து 150, நீள்கோளத்திலிருந்து 60. ஹெலிகாப்டரும் சரியாக 150 மீட்டரில் (492 அடி) வருகிறது. ஜிபிஎஸ் எண்ணைக் கடல்மட்ட உயரம் என்று எடுத்துக்கொண்ட அமைப்பு இரண்டுக்கும் நடுவே 90 மீட்டர் இடைவெளி இருப்பதாகக் காட்டும். உண்மையில் இடைவெளி பூஜ்யம். மோதல் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் இங்கே அது வாய் திறக்காது.

#3 தெளிவானம்

@உயரமானி, மாற்றிக்கொள்ள முறையான வழி என்ன? ஹெலிகாப்டர் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி சமிக்ஞையிலிருந்தே எடுக்க முடியுமா?

#4 உயரமானி

முடியும், ஆனால் வரிசை முக்கியம்.

முதலில், உள்ளே வரும் ஒவ்வொரு உயரத்தோடும் அதன் அடிப்படை எது என்பதையும் சேர்த்தே வாங்குங்கள். அடிப்படை குறிப்பிடாத எண்ணை ஏற்கவே கூடாது. ஊகித்து நிரப்பும் வசதியை மென்பொருளில் வைத்தால் ஒருநாள் அது தவறாக ஊகிக்கும்.

அழுத்த உயரத்தைக் கியூஎன்எச்-சுக்கு மாற்றும்போது தாழ்ந்த உயரங்களில் 1 ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி. கியூஎன்எச் 1003 என்று இருக்கும் நாளில் டிரான்ஸ்பாண்டர் சொல்லும் எண் உண்மையைவிடச் சுமார் 270 அடி அதிகம். திருத்தாமல் விட்டால் ஹெலிகாப்டர் இருக்குமிடத்தைவிட 80 மீட்டர் மேலே இருப்பதாக ட்ரோன் அமைப்பு நம்பும். தவறு ஆபத்தான பக்கமாகவே சாய்கிறது என்பதைக் கவனியுங்கள். கியூஎன்எச் எந்த நிலையத்துடையது, எத்தனை நிமிடம் பழையது என்பதையும் கூடவே சேமிக்க வேண்டும்.

இன்னொரு வழி: ஏடிஎஸ்-பியின் வேகச் செய்தியில் அழுத்த உயரத்துக்கும் ஜிபிஎஸ் உயரத்துக்கும் உள்ள வித்தியாசமும் வரும். அதைக் கூட்டினால் வடிவியல் உயரம் கிடைக்கும், கியூஎன்எச் தேவையில்லை. எல்லா விமானமும் அதை நிரப்பி அனுப்புவதில்லை. ஆகவே இரண்டு வழியிலும் கணக்கிட்டு, விடைகள் ஒத்துப்போகாவிட்டால் அந்த விமானத்தைச் சுற்றி உயர வரம்பை விரிப்பதுதான் பாதுகாப்பு. பழைய டிரான்ஸ்பாண்டர் 100 அடிப் படிகளில்தான் சொல்லும் என்பதும் அந்த வரம்பில் அடங்க வேண்டும்.

#5 நாற்பரிமாணம்

உயரம் சரியானாலும் நேரம் இருக்கிறது. யூடிஎம் (ட்ரோன் போக்குவரத்து மேலாண்மை) பக்கம் ஒரு பறப்பு எப்படி ஏற்கப்படுகிறது என்பதைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

எஃப்3548 முறையில் ஒவ்வொரு பறப்பும் நாற்பரிமாணக் கனவெளிகளின் தொகுப்பு: எந்தப் பரப்பு, எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை, எப்போதிலிருந்து எப்போது வரை. சேவை வழங்குநரின் சர்வர் முதலில் டிஎஸ்எஸ் என்ற பொதுப் பதிவேட்டைக் கேட்கிறது: "இந்தப் பரப்பில், இந்த நேரத்தில் வேறு யார்?" பதிவேடு முழு விவரத்தை வைத்திருப்பதில்லை, யாரிடம் கேட்க வேண்டும் என்ற முகவரியை மட்டும் தரும். விவரத்தை அந்தந்த வழங்குநரிடம் நேரடியாக வாங்கி, மோதல் இல்லை என்று உறுதி செய்து, பிறகுதான் பதிய வேண்டும். பதியும்போது பார்த்த ஒவ்வொரு திட்டத்தின் பதிப்பு எண்ணையும் (ஓவிஎன்) சாவிபோல இணைத்து அனுப்ப வேண்டும். நடுவில் யாராவது தங்கள் திட்டத்தை மாற்றியிருந்தால் எண் பொருந்தாது. பதிவேடு 409 (முரண்பாடு என்ற பிழை எண்) என்று திருப்பி அனுப்பும். பழைய தகவலை வைத்து இருவர் ஒரே இடத்தைப் பிடிக்க முடியாதபடி தடுப்பது இந்த ஒரு படிதான். நெரிசல் நேரத்தில் 409 வந்தவுடன் கண்மூடித்தனமாக மறுபடி மறுபடி அனுப்பும் சர்வர்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் முன் புதிதாகக் கேட்டு, புதிதாக மோதல் பார்த்து, சிறிது சீரற்ற காத்திருப்போடு அனுப்ப வேண்டும்.

இப்போது நேரம். 6 கிலோமீட்டர் தடம், வேகம் விநாடிக்கு 15 மீட்டர், ஆக 400 விநாடி. முழுத் தடத்தையும் ஒரே கனவெளியாக, இருபுறமும் 30 விநாடி சேர்த்துக் கேட்டால் அந்தப் பரப்பு முழுவதும் 460 விநாடிக்கு அடைபடும். ஆறு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 67 விநாடிப் பறப்பு, கூடவே 60, ஆக 127 விநாடி மட்டும். மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். ஆனால் எதிர்க்காற்று அடித்துத் தரைவேகம் 10 ஆகக் குறைந்தால் 400 விநாடிப் பயணம் 600 ஆகிறது. கடைசித் துண்டை அடையும்போது ட்ரோன் தனக்கு ஒதுக்கிய நேரத்துக்கு வெகு பின்னால் இருக்கும். மற்றவருக்குக் கொடுத்த நேரத்தில் அங்கே நுழையும். ஆகவே நேர இடைவெளி தூரத்தோடு வளர வேண்டும், பறக்கும்போதே மீதித் துண்டுகளைப் புதுப்பித்துப் பதிய வேண்டும். பறப்பு நேரத்தில் 95 சதவீதமாவது தன் கனவெளிக்குள் இருக்க வேண்டும் என்ற தரநிலை இலக்கை 30 விநாடி என்ற ஒரே எண்ணை எல்லாத் துண்டுக்கும் ஒட்டி அடைய முடியாது.

#6 திரைக்காவலர்

@நாற்பரிமாணம், இதெல்லாம் ட்ரோனும் ட்ரோனும் பேசிக்கொள்ளும் மொழி. பைலட் உள்ள விமானம் இந்தப் பதிவேட்டில் இல்லை. அங்கே நடப்பது கிளியரன்ஸ், அதாவது கட்டுப்பாட்டாளர் தரும் அனுமதி. நொடியில் மாறும், குரலில் மாறும். ராடார் இடைவெளி வழித்தடத்தில் 5 கடல் மைல், நிலையப் பகுதியில் 3, செங்குத்தாக 1,000 அடி. ஒரு ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் கனவெளியைப் பதிந்துவிட்டு வராது.

யு-ஸ்பேஸில் இதற்கு ஒரு விடை உண்டு: கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்வெளியில் கட்டுப்பாட்டு மையம் ட்ரோன் பரப்பின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக மூடலாம். காகிதத்தில் சுலபம். 2.5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ட்ரோன் விநாடிக்கு 15 மீட்டரில் வெளியேற 167 விநாடி. அதற்கு முன் உத்தரவு சர்வருக்கும், அங்கிருந்து இயக்குபவருக்கும், அங்கிருந்து ட்ரோனுக்கும் போக வேண்டும். 3 நிமிடத்துக்குள் பரப்பு காலி என்று எந்த ஏற்பாடும் வாக்குக் கொடுக்க முடியாது. ஹெலிகாப்டர் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் அதற்குள் 5 கடல் மைல் வந்துவிடும்.

ஆகவே இரண்டு கட்டமாக மூட வேண்டும். முதல் கட்டத்தில் புதிய அனுமதி நிற்கிறது. பறப்பவை தங்கள் வெளியேறும் வழியைத் தயார் செய்கின்றன. இரண்டாவதில் வெளியேற்றம். கட்டுப்பாட்டாளர் திரையில் "மூடச் சொன்னேன்" என்பதும் "காலியாகிவிட்டது" என்பதும் வெவ்வேறு நிறமாக இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே நிறம் போட்ட திரை ஆபத்தானது.

#7 சுழலி

ஹெலிகாப்டர் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். கீழே பறக்கிற பைலட்டுக்கு ட்ரோன் திரையில தெரியும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தெரியாது. ட்ரோன் தன் அடையாளத்தை அறிவிக்கிற ரிமோட் ஐடி புளூடூத்லயும் வைஃபைலயும் போகுது. தரையில நிக்கிறவங்களுக்காக வடிவமைச்சது. காக்பிட்ல அதை வாங்குற கருவி கிடையாது. அமெரிக்க விதியில சாதாரண சிறிய ட்ரோன் ஏடிஎஸ்-பி அனுப்பவே கூடாது. காரணம் நியாயமானது: 1090 மெகாஹெர்ட்ஸ் ஏற்கெனவே நெரிசல். ஒவ்வொரு விமானமும் நிலையை விநாடிக்கு 2 தடவை, வேகத்தை 2 தடவை அனுப்புது. ஆயிரக்கணக்கான ட்ரோன் அதே அலைவரிசையில சேர்ந்தா டிசிஏஎஸ் கேட்கிற பதிலே அமுங்கிடும்.

அதனால ஏற்பாடு தலைகீழா இருக்கு: பைலட் உள்ள விமானம் தன்னைக் காட்டணும், ட்ரோன்தான் ஒதுங்கணும். ஐரோப்பாவுல யு-ஸ்பேஸுக்குள்ள கட்டுப்பாட்டு சேவை இல்லாம வர்ற விமானம் ஏடிஎஸ்-பி, 860 மெகாஹெர்ட்ஸ் குறுந்தூர அலை, இல்லைன்னா மொபைல் வலை, இதுல ஒண்ணுல தன்னை அறிவிக்கணும். அறிவிக்காதவங்களும் வருவாங்கன்னு நினைச்சே வடிவமைக்கணும்.

கணக்கு பாருங்க. ஹெலிகாப்டர் 100 நாட், விநாடிக்கு 51 மீட்டர். ட்ரோன் 20. நேருக்கு நேர் 71. சிறிய ட்ரோனுக்கான எஃப்3442 தரநிலைப்படி கிடையா 2,000 அடி (610 மீட்டர்), செங்குத்தா 250 அடி (76 மீட்டர்) விட்டுவைக்கணும். ட்ரோன் விநாடிக்கு 5 மீட்டர் இறங்கினா 76 மீட்டருக்கு 15 விநாடி. சென்சார் "இது விமானம்தான்"னு உறுதி செய்ய 3, தொடர்பு தாமதம் 1, மனுஷன் பார்த்து முடிவெடுக்க 5. மொத்தம் 24 விநாடி, 1,704 மீட்டர். கூட 610. அதாவது 2.3 கிலோமீட்டர்லயே பிடிக்கணும். மனுஷனையும் தொடர்பையும் எடுத்துட்டு ட்ரோனே முடிவெடுத்தா 18 விநாடி, 1.9 கிலோமீட்டர். சின்ன கேமராவுக்கு இந்த 400 மீட்டர் ரொம்பப் பெரிய வித்தியாசம். இந்த அடுக்குல தானியங்கி வேணுமா வேண்டாமான்னு பேசவே இடமில்லை.

#8 தெளிவானம்

ட்ரோன் ஏற்கெனவே 60 மீட்டரில் இருந்தால் 76 மீட்டர் எங்கே இறங்கும்?

#9 சுழலி

இறங்க முடியாது. அதனாலதான் கிடைத்திசையில விலகுறதையும் சேர்த்துக் கணக்குப் போடணும். டிசிஏஎஸ்-க்கு அடுத்த தலைமுறையான ஏசிஏஎஸ் எக்ஸ் குடும்பத்துல ட்ரோனுக்கான வகைகள் (எக்ஸ்யு, சின்னதுக்கு எஸ்எக்ஸ்யு) திரும்புற அறிவுரையும் தரும். பழைய டிசிஏஎஸ் ஏறு, இறங்கு மட்டும்தான். ஏசிஏஎஸ் எக்ஸ் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பெரிய அட்டவணையிலிருந்து விடை எடுக்குது. பறக்கும்போது நிகழ்தகவு பார்த்து அட்டவணையைத் தேடுறது மட்டும்தான் வேலை. அதனால அட்டவணை போட்டப்ப வைச்ச விமான மாதிரிக்கும் உங்க ட்ரோனோட உண்மையான ஏறும், திரும்பும் திறனுக்கும் பொருத்தம் இருக்கான்னு பாருங்க. கூடுதல் பேட்டரி, சுமை ஏத்தினா அந்தத் திறன் குறையும்.

#10 இணைப்புநூல்

மேலே பறக்கும் பெரிய ஆர்பிஏ பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. அங்கே முதலில் கைவிடுவது தொடர்பு. அதைவிடவும், தொடர்பு போனபின் விமானம் என்ன செய்யும் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு எண்ணத்தில் இருப்பது.

தொடர்பு அறுந்தால் விமானம் தன்னுள் பதித்த அவசரத் தடத்தைப் பின்பற்றும். அமெரிக்காவில் டிரான்ஸ்பாண்டர் குறியீடு, தொடர்பு அறுந்ததைக் காட்டும் 7400 என்று மாறும். சிக்கல் இங்கே: 180 நாட் வேகத்தில் பறக்கும் ஆர்பிஏவைக் கட்டுப்பாட்டாளர் 30 பாகை விலக்கி 10 நிமிடம் போகச் சொல்கிறார். 30 கடல் மைல் பறந்து, பழைய தடத்திலிருந்து 15 கடல் மைல் பக்கவாட்டில் இருக்கிறது. அந்தக் கணத்தில் தொடர்பு போனால், பதிவில் இருப்பது பழைய தடம். விமானம் திரும்பி, யாரும் எதிர்பார்க்காத 15 கடல் மைலை மற்றவர்கள் நடுவே கடந்து போகும். ஒவ்வொரு கருவியும் சரியாகவே வேலை செய்திருக்கும்.

தீர்வுக்கு மூன்று விஷயம் வேண்டும். புதிய கிளியரன்ஸை நிறைவேற்றும் முன் அவசரத் தடத்தைப் புதுப்பித்து, விமானம் "பெற்றேன்" என்று திருப்பிச் சொன்ன பிறகே திரும்ப வேண்டும். அதே தடம் கட்டுப்பாட்டு மையத்தின் அமைப்பிலும் நடப்பில் இருக்க வேண்டும். அதை வைத்து மோதல் முன்னறிவிப்பு ஆர்பிஏவுக்கு மட்டும் இரண்டு எதிர்காலங்களைச் சோதிக்கட்டும்: தொடர்பு இருந்தால் ஒன்று, போனால் மற்றொன்று. மூன்றாவது, "அறுந்தது" என்று அறிவிக்கும் காத்திருப்பு நேரம். அது குறைவாக இருந்தால் விமானம் திரும்பும்போது இறக்கை ஆன்டெனாவை மறைக்கும் சில விநாடிக்கெல்லாம் 7400 எழும். அதிகமாக இருந்தால் உத்தரவுக்குப் பணியாத விமானம் ஒன்று காரணமில்லாமல் திரையில் நகரும். இணைப்பு உண்மையில் இடையிடையே அறுந்த பதிவுகளை வைத்தே அந்த எண்ணைத் தீர்மானிக்க வேண்டும்.

#11 திரைக்காவலர்

@இணைப்புநூல் சொன்ன இரண்டு எதிர்காலம் சரியான கருத்து. குரலையும் சேருங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஒரு வழிக்கே கால் விநாடி. விஎச்எஃப் வானொலியில் பேசியது ஆர்பிஏவுக்குப் போய், செயற்கைக்கோள் வழியாகத் தரைக்குப் போய், பதில் அதே வழியில் திரும்பும். அரை விநாடிக்கு மேல் மௌனம். அந்த மௌனத்தில் இன்னொரு பைலட் பட்டனை அழுத்துவார். இரண்டு பேச்சும் கெடும். கட்டுப்பாட்டு மையத்துக்கும் ஆர்பிஏவின் தரை நிலையத்துக்கும் நேரடித் தரைவழிக் குரல் வைத்தால் தாமதம் போகும், ஆனால் அதே அலையில் இருக்கும் மற்ற பைலட்டுகளுக்கு ஆர்பிஏ என்ன செய்யப்போகிறது என்று கேட்காது. தரைவழிக் குரலை விஎச்எஃப்-பிலும் மறுஒலிபரப்ப வேண்டும். கூடவே ஒரு தனித் தொலைபேசி எண் பறப்புத் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். தொடர்பு போகும் நேரத்தில் தேட நேரமிருக்காது.

#12 காப்படுக்கு

எல்லோரும் சொன்னவற்றை ஒரே கேள்வியால் பார்க்கிறேன்: ஒன்றுக்கொன்று காப்பாக வைத்த இரண்டு அடுக்கும் ஒரே காரணத்தால் ஒன்றாக விழுமா?

2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் நடந்தது இதற்குத் தெளிவான பாடம். பறப்புத் திட்டங்களை வாங்கிப் பிரிக்கும் துணை அமைப்புக்கு ஒரு திட்டம் வந்தது. அதில் ஒரே பெயருள்ள இரண்டு வழிப்புள்ளிகள்: இரண்டுக்கும் டிவிஎல் என்ற குறியீடு, ஒன்று பிரான்ஸின் டோவில், மற்றது வடக்கு டகோட்டாவின் டெவில்ஸ் லேக். பிரிட்டன் வான்வெளியிலிருந்து வெளியேறும் இடத்தைத் தேடிய மென்பொருள் தவறான புள்ளியில் போய் நின்றது, பொருளற்ற தடம் கிடைத்தது, பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்று அமைப்பு அதே திட்டத்தை எடுத்து, அதே மென்பொருளால் படித்து, அதே வழியில் நின்றது. இரண்டும் நிற்க 20 விநாடிகூட ஆகவில்லை. பாதிக்கப்பட்ட பயணிகள் 7 லட்சத்துக்கும் மேல். ஒரே மென்பொருளின் இரண்டு பிரதி, வன்பொருள் பழுதுக்குத்தான் காப்பு. தவறான உள்ளீட்டுக்கு அது காப்பே அல்ல.

இதற்கு இரண்டு விடை. ஒன்று, படிக்க முடியாத ஒரு திட்டத்தைத் தனியே ஒதுக்கி மனிதரிடம் தள்ளிவிட்டு மற்றவற்றைத் தொடர்வது. இரண்டு, அடுக்குகளை வெவ்வேறு கணக்கில் கட்டுவது. நாசாவில் ஹைன்ஸ் எர்ஸ்பெர்கர் முன்வைத்த தானியங்கி வான்வெளிக் கருத்தில் 20 நிமிடம் வரை தீர்க்கும் பகுதி தனி. கடைசி 2, 3 நிமிடத்துக்கான டிசேஃப் தனி. அதற்குக் கீழே விமானத்திலுள்ள டிசிஏஎஸ். மேலடுக்கு தவறினாலும் கீழடுக்குக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

#13 நாற்பரிமாணம்

அடுக்கு தனித்தனியாக இருந்தால் அடுக்குகளே முரண்பட்டால்? கீழடுக்கு விலகச் சொல்லும்போது மேலடுக்கு வேறொன்று சொல்லிக்கொண்டிருக்கும்.

#14 காப்படுக்கு

அதனால்தான் யார் சொல் செல்லும் என்பது பறக்கும் முன்பே எழுதப்பட வேண்டும். 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் உபர்லிங்கன் மேலே டியு-154 பயணிகள் விமானமும் போயிங் 757 சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் டியு-154 விமானத்தை இறங்கச் சொன்னார். 7 விநாடி கழித்து அதன் டிசிஏஎஸ் ஏறச் சொன்னது. மற்ற விமானத்தின் டிசிஏஎஸ் அதை இறங்கச் சொன்னது. இரண்டும் இறங்கின. டிசிஏஎஸ் என்ன சொன்னது என்பது கட்டுப்பாட்டாளரின் திரையில் வரவில்லை. அன்று குறுகிய கால எச்சரிக்கையின் திரைக் காட்சியும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது.

அதன் பின் விதி தெளிவானது: டிசிஏஎஸ் விலகல் உத்தரவு வந்தால் அதுவே செல்லும், கட்டுப்பாட்டாளர் அந்த நேரத்தில் அந்த விமானத்தின் பாதையை மாற்றக் கூடாது. டிசிஏஎஸ் 7.1 பதிப்பில், ஒரு விமானம் உத்தரவைப் பின்பற்றாமல் போவதைக் கண்டு எதிர்த்திசைக்கு மாற்றும் கணக்கும் மேம்பட்டது. தானியங்கி அமைப்புக்கும் இதே ஒழுங்கு வேண்டும். கீழடுக்கு பொறுப்பேற்றவுடன் மேலடுக்கு அந்த விமானத்துக்குப் புதிய தடம் அனுப்புவதை நிறுத்தி, மற்ற விமானங்களை மட்டும் விலக்கட்டும். "மோதல் தீர்ந்தது" என்ற செய்தி விமானத்திலிருந்து வந்த பிறகே மீண்டும் சேர்க்கட்டும். அதை நேரக் கணக்கால் ஊகிக்கக் கூடாது.

இன்னொன்று, எனக்கு மிகவும் முக்கியமானது. மனிதர் தாங்கக்கூடியது ஒரு செக்டரில் (வான்வெளியைப் பிரித்த ஒரு பகுதி) 15 விமானம் என்று வைத்துக்கொள்வோம். தானியங்கி இருப்பதால் 30 அனுமதித்தால், அது நின்ற நிமிடத்தில் 30 விமானமும் மனிதர் கையில். தலா 450 நாட் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்கள் நிமிடத்துக்கு 15 கடல் மைல் நெருங்குகின்றன. 5 கடல் மைல் இடைவெளி 20 விநாடியில் தீர்ந்துவிடும். ஆகவே ஏற்கும் ஒவ்வொரு தடமும், தானியங்கி இப்போதே நின்றாலும் அடுத்த இத்தனை நிமிடம் மோதலற்றது என்று உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த "இத்தனை"தான் கொள்ளளவைத் தீர்மானிக்க வேண்டும். செக்டரைப் பிரித்து, உள்ளே வரும் போக்கை நிறுத்தி, கூடுதல் ஆட்களை அமர்த்த எவ்வளவு நேரமாகும் என்று அளந்து அதிலிருந்து எடுங்கள். கணினித் திறனிலிருந்து எடுக்காதீர்கள்.

#15 தெளிவானம்

ஜிபிஎஸ் ஏமாற்றப்பட்டால் இந்த எல்லா அடுக்குகளும் ஒன்றாக விழாதா? ஏடிஎஸ்-பி, ட்ரோனின் நிலை, நேரம் எல்லாமே அதிலிருந்துதானே வருகிறது.

#16 உயரமானி

விழும். காப்படுக்கின் கேள்விக்கு மிகக் கடினமான உதாரணம் இது. ஜிபிஎஸ் சமிக்ஞை மறைக்கப்பட்டால் ஏடிஎஸ்-பியின் தர எண்கள் தாமே சரியும், அமைப்பு அறிந்துகொள்ளும். பொய்ச் சமிக்ஞை கொடுத்தால் தர எண்கள் நன்றாகவே இருக்கும், இடம் மட்டும் தவறும். ஆகவே தர எண்ணை மட்டும் நம்பி வடிகட்டுவது போதாது.

பெரிய விமானத்துக்கு: இரண்டாம் நிலை ராடார் (டிரான்ஸ்பாண்டரைக் கேட்டுப் பதில் வாங்குவது), அல்லது ஒரே சமிக்ஞை பல நிலையங்களை அடையும் நேர வித்தியாசத்தில் இடம் காணும் பன்னிலைய முறை. விமானம் தானே சொன்ன இடமும் இவை சொல்லும் இடமும் விலகினால் எச்சரிக்கைக் கொடி. சிறிய ட்ரோனுக்கு அவ்வளவு வசதி இல்லை. ஜிபிஎஸ் வேகத்தை உள்ளிருக்கும் முடுக்கமானியோடும் கீழ்நோக்கிய கேமராவோடும் ஒப்பிடலாம். ஒரே பரப்பில் பல ட்ரோன்கள் ஒரே நொடியில் ஒரே திசையில் "தாவினால்" அது காற்று அல்ல. அந்தப் பரப்பு முழுவதையும் நம்பத்தகாததாகக் குறித்து, அங்கே புதிய அனுமதி கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். சர்வர்களின் கடிகாரத்துக்கும் ஜிபிஎஸ் தவிர இரண்டாவது நேர மூலம் வேண்டும். இல்லையென்றால் நாற்பரிமாணம் சொன்ன கனவெளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நகரும்.

#17 நாற்பரிமாணம்

@தெளிவானம், இதையெல்லாம் எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் நிழல் ஓட்டம்: நேரலைத் தரவு உள்ளே போகும், விடை யாருக்கும் போகாது. கட்டுப்பாட்டாளர் செய்ததும் மென்பொருள் சொல்லியிருக்கும் விடையும் அருகருகே பதிவாகும். வேறுபட்ட ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் தேட வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும் விமானங்களில்தான் பெரும்பாலும் வேறுபடும், ஏனென்றால் விமானத்தின் எடை தரைக்குத் தெரியாது. ஏறும் வேகத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது ஆலோசனை நிலை. அதற்கடுத்து, உயரம் மாறாமல் பறக்கும் விமானங்களுக்கு மட்டும் தானே தடம் அனுப்புவது. ஏறுபவை, இறங்குபவை, ஆர்பிஏ எல்லாம் கடைசியில்.

பதிவுகளில் இவை கட்டாயம்: ஒவ்வொரு உயரத்தின் அடிப்படை, கியூஎன்எச் மூலமும் வயதும், ஒவ்வொரு 409-உம் அதன் காரணமும், ஆர்பிஏவின் அவசரத் தடம் கடைசியாக உறுதியான நேரம், அந்த நேரத்தில் செல்லுபடியான கிளியரன்ஸ்.

#18 திரைக்காவலர்

அந்தப் பட்டியலில் ஒன்று சேருங்கள்: கட்டுப்பாட்டாளர் எச்சரிக்கையை அணைத்த நேரங்கள். எந்த எச்சரிக்கை, எத்தனை விநாடியில், எந்த உயரத்தில். வரம்புகள் தவறாக வைக்கப்பட்டிருப்பதை முதலில் காட்டுவது அதுதான். நிழல் ஓட்டத்தின்போதே திரையில் அந்தப் பட்டன் இருக்கட்டும், அழுத்தினால் எதுவும் அணையாதபடி, பதிவு மட்டும் ஆகும்படி.